ஆழாக்குப் பாலும் பட்லர் இங்கிலீஷும்

ஒருவருடைய ஆங்கிலத்தை மட்டம் தட்ட வேண்டுமானால் நம் ஊரில் "பட்லர் இங்கிலீஷ்" என்று சொன்னால் போதும். சொல்கிறவர் தன் ஆயுளில் ஒரு பட்லரைக் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை. நான் கண்டிருக்கிறேன். என் அம்மாவின் அப்பா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் பட்லராக இருந்தவர். அவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டு வளர்ந்துவிட்டு, அதே மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் நான் அடித்த வாக்கியங்களில் பாதி தாத்தாவின் வாக்கியங்கள். அதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. பரீட்சை வேறு, பிழைப்பு வேறு. ஆனால் அந்தப் பேச்சை "உடைந்த ஆங்கிலம்" என்று யாராவது சொன்னால் பொறுக்காது. உடைந்திருந்தால் தலைமுறை தலைமுறையாக நடந்த குடித்தனத்தை அது தாங்கியிருக்குமா?

அந்தப் பேச்சை முதலில் அக்கறையாக எழுதிவைத்தவர்களில் இருவர் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும். இந்தியாவில் வெள்ளைக்காரர் வாயில் புழங்கிய சொற்களையெல்லாம் திரட்டி அவர்கள் செய்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னல் அதைப் பார்க்கவில்லை, 1882-லேயே போய்விட்டார். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர் அவர். அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவர்தான். சென்னை மாகாணத்துச் சொற்களில் அவர் கை நிறைய இருக்கும் என்பது என் ஊகம். அந்த அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு பதிவு உண்டு. சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசும் ஆங்கிலம், சீனத்துப் பிட்ஜின் ஆங்கிலத்தைவிட அப்படியொன்றும் உசத்தியில்லை என்று இளக்காரமாகத்தான் தொடங்குகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே இலக்கணத்தைச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள். "ஐ டெல்லிங்" என்றால் சொல்லப்போகிறேன். "ஐ டன் டெல்" என்றால் சொல்லிவிட்டேன். "டன் கம்" என்றால் வந்தே விட்டார். "ஃபேமிலி" என்றால் மனைவி.

இதைப் படிக்கும் இங்கிலீஷ்காரருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். தமிழ் தெரிந்தவருக்கு இதில் என்ன விசித்திரம்? "நாளைக்கு வந்து சொல்றேங்க" என்கிறோம். நாளைக்கு நடக்கப்போவதை நிகழ்காலத்தில் சொல்வது நம் வீட்டுப் பேச்சு, எந்தக் குழந்தையும் அதில் குழம்புவதில்லை. அதுதான் "ஐ டெல்லிங்". "சொல்லியாச்சு", "வந்தாச்சு" என்பதில் உள்ள "ஆச்சு"தான் அந்த "டன்". இதில் ஒரு நுணுக்கத்தை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. தமிழில் "ஆச்சு" வாக்கியத்தின் வாலில் வரும். பட்லர் அதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனபோது வினைக்கு முன்னால் தூக்கி வைத்தார், ஏனென்றால் இங்கிலீஷில் துணைவினைக்கு இடம் முன்னால்தான். வரிசை அவர்களுடையது, காலக்கணக்கு நம்முடையது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால் வைக்காதவர் செய்த வேலை இது. நான் பி.ஏ. படித்து, பி.எட். படித்து, இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு பருவம் முழுக்க எடுத்துக்கொள்வேன்.

"ஃபேமிலி" சங்கதி இன்னும் நேர். பெண்டாட்டி பெயரைச் சொல்லாத, பெண்டாட்டி என்றும் சொல்லக் கூசுகிற ஆண்களின் தமிழ் அது. "குடும்பம் ஊருக்குப் போயிருக்கு", "சம்சாரத்துக்கு மேலுக்கு முடியல". தாத்தா கடைசிவரை "மை ஃபேமிலி ஃபீவர் கெட்டிங்" என்றுதான் லீவு கேட்டார். காய்ச்சல் பாட்டிக்கு மட்டும்தான்.

அந்தப் பதிவின் கடைசியில் யூலும் பர்னலும் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றைச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை வேலைக்காரர் எஜமானரிடம் பேசியதோடு போகவில்லை, எஜமானர்களும் வேலைக்காரரிடம் இதையே பேசினார்கள் என்கிறார்கள். இதுதான் எனக்கு அந்தப் பதிவு முழுவதிலும் முக்கியமான வரி. காலையில் கச்சேரியில் உட்கார்ந்து, எட்டு மடிப்பு வாக்கியத்தில் அரசாங்கக் குறிப்பு எழுதுகிற துரை, பங்களா வராந்தாவில் செருப்பைக் கழற்றியதும் வேறு மொழிக்கு மாறினார். அந்த மொழி பார்வைக்கு இங்கிலீஷ். அதில் அவர் சொந்த இலக்கணத்தைத் துறந்து சமையல்காரரின் இலக்கணத்தில் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு நேரத்துக்கு வராது. வங்காளத்து வெள்ளைக்காரர்கள் "கோயி ஹை?" என்று கூப்பிட்டு ஆளை வரவழைத்தார்கள். சென்னையில் "பாய்!" என்றார்கள். அங்கே எஜமானர்கள் கொஞ்சமாவது இந்துஸ்தானி கற்றார்கள், இங்கே தமிழ் கற்காமலே காலம் தள்ள முடிந்தது. மற்ற மாகாணத்தார் சென்னையை இருண்ட மாகாணம் என்று கேலி செய்ததும், இங்கிருந்த உத்தியோகஸ்தர்களுக்கு மிளகுத்தண்ணியை வைத்து 'மல்' என்று பட்டப்பெயர் வைத்ததும் தனிக் கதை. மிளகுத்தண்ணிதான் 'மல்லிகடானி' ஆகி லண்டன் வரை போனது.

பட்லருக்கு முன்னால் யார் பேசினார்கள்? 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்தபோது, பக்கத்துச் சாந்தோமில் போர்த்துக்கீசியர் குடியேறி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. துறைமுகங்களில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கொச்சைப் போர்த்துக்கீசியம். கம்பெனிக்கு 1698-இல் கொடுத்த சாசனத்தில், இந்தியாவுக்கு வரும் பாதிரிமார் வந்து ஒரு வருஷத்துக்குள் போர்த்துக்கீசியம் கற்றாக வேண்டும் என்றே எழுதியிருந்தது. ஆக, முதல் அறுபது எழுபது ஆண்டுகள் இங்கிலீஷ்காரன் வீட்டுக்குள்ளேயே இங்கிலீஷ் செல்லுபடியாகவில்லை. அந்தக் காலத்தின் மிச்சம் நம் வீடுகளில் இன்னும் கிடக்கிறது: அலமாரி, சாவி, சன்னல், மேசை, பீப்பாய், மேஸ்திரி, ஆயா. பூட்டுகிறவர், துடைக்கிறவர், பிள்ளை தூக்குகிறவர் வாயில் புழங்குகிற சொற்கள். போர்த்துக்கீசியத் தத்துவம் ஒன்றுகூட நமக்கு வரவில்லை.

பிறகு, இரு மொழி தெரிந்த இடைத்தரகர்களான துபாஷிகள் காலம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை, சென்னையில் பச்சையப்ப முதலியார். துபாஷிக்குப் பல்லக்கு உண்டு, தோட்டம் உண்டு, கோயிலில் பரிவட்டம் உண்டு. பச்சையப்ப முதலியார் நாற்பது வயதில், 1794-இல் இறந்தார். அவர் விட்டுப்போன தர்மத்தில் இன்று கல்லூரி நடக்கிறது. கடை வரவுசெலவும் கடனும் பேசிய இரட்டை நாக்குக்கு இவ்வளவு மரியாதை. அடுப்பங்கரையில் அதே வேலையைச் செய்த நாக்குக்கு வசவுப் பெயர்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். துரை வீட்டுச் சமையலறையில் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் வேகும், சாராயப் புட்டி திறக்கும். சாதி இந்துக்கள் அந்த வேலைக்கு வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கிறித்தவர்களான குடும்பங்களும். திண்ணைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏற முடியாதவர்கள், காதாலேயே ஒரு மொழியைக் கற்றுப் புழங்கினார்கள். எங்கள் குடும்பமும் அந்த வழியில் வந்ததுதான்.

அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். 1845-இல் பிறந்து, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லர். தன் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் துரையிடம் கொடுத்தார். துரை அதை எல்லிஸிடம் சேர்த்தார். எல்லிஸ் 1812-இல் கோட்டைக் கல்லூரியைத் தோற்றுவித்தவர், தமிழில் தோய்ந்தவர். அப்படித்தான் குறள் அச்சுக்குப் போக வழி பிறந்தது என்கிறார் பண்டிதர். ஒரு கையில் சூப் கிண்ணம், ஒரு கையில் சுவடி. கந்தப்பன் அந்தச் சுவடி இன்னதென்று தன் துரைக்கு எந்த மொழியில் சொல்லியிருப்பார்? "திஸ் வெரி ஓல்டு புக், மாஸ்டர், மை கிராண்ட்ஃபாதர் கீப்பிங்" என்ற மாதிரி ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். வள்ளுவரைக் கோட்டைக்குள் கொண்டுபோன இங்கிலீஷ் அது என்றால், அதில் நான் என்னத்தைத் திருத்த?

சமையலறைப் பக்கத்தைப் பற்றி வெள்ளைக்காரர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். சென்னைக் குதிரைப்படை அதிகாரியான கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய சமையல் புத்தகம் 1878-இல் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் போட்டது. அதில் சமையல்காரர் எல்லாருக்கும் ஒரே பெயர், ராமசாமி. துரைமார் வாயில் தமிழ்ச் சமையல்காரன் என்றாலே ராமசாமி. ஆனாலும் வைவர்ன் மனுஷன் பரவாயில்லை. ராமசாமியைத் திட்டாதே, பக்கத்தில் உட்காரவைத்து விளக்கிச் சொல், புரிந்துகொள்வான் என்று துரைசானிகளுக்குப் புத்தி சொல்கிறார். எந்த மொழியில் விளக்குவது என்று கேட்க வேண்டியதே இல்லை.

1870-இலிருந்து சென்னை அரசாங்கம் கோடைக்கு உதகைக்கு வருவது முறையாயிற்று. கவர்னர் வந்தால் செகரட்டரிகள் வருவார்கள், அவர்கள் வந்தால் பட்லர், எடுபிடியான மேட்டி, ஆயா, தோட்டி, வண்ணார் என்று ஒரு ஊரே மேலே ஏறும். குன்னூருக்கு ரயில் 1899-இல்தான் வந்தது, உதகைக்கு 1908-இல். அதற்கு முன் சாமானோடு சாமானாக மாட்டுவண்டியிலும் நடையிலுமாகத்தான் ஏற்றம். மலையில் அந்தப் பேச்சுக்கு ஒரு புது வேலையும் கிடைத்தது. இங்கே படகர், கன்னடக்காரர், மலையாளி, வெலிங்டன் பட்டாளத்து உருதுக்காரர், தமிழர் என்று எல்லாரும் கலந்து கிடந்தோம். துரைக்கும் பட்லருக்கும் நடுவில் இருந்த பேச்சு, பட்லருக்கும் பட்லருக்கும் நடுவிலும் கொஞ்சம் புழங்கிற்று. தாத்தாவுக்கும் பக்கத்துத் தோட்டத்து மலையாளி குக்குக்கும் சண்டை வந்தால் பாதி இங்கிலீஷில்தான் நடக்கும். திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில்.

தாத்தாவின் பஜார் கணக்கு நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தமிழ் எழுத்து, இங்கிலீஷ் சாமான். இஷ்டூவுக்குக் கறி, கட்லீசுக்கு ரொட்டித்தூள், பிளமாஞ்சிக்குப் பால், பெப்பர்வாட்டருக்குப் புளி. தினமும் காலையில் துரைசானி சோபாவில் உட்கார, இவர் நின்றபடி அந்த நோட்டைப் பார்த்து இங்கிலீஷில் ஒப்பிப்பார். எழுத்துத் தமிழ், வாசிப்பு இங்கிலீஷ், மனதில் கூட்டல் தமிழில், வாய்க்கு வரும் தொகை மறுபடி இங்கிலீஷில். இந்த மாற்றத்துக்கு நடுவில் எங்கேயாவது நாலணா ஒதுங்கியிருக்கும் என்று பாட்டி சொல்வாள். நான் தாத்தா பக்கம்.

அளவுகள் மட்டும் மொழி மாறவே இல்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். கம்பெனி இதை 'ஆலக்', 'படி', 'மெர்கால்' என்று தன் கணக்குப் புத்தகத்திலேயே ஏற்றுக்கொண்டது. இந்த ஆழாக்குதான் ஒரு தடவை ஐரோப்பாவுக்குப் போனது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் ஊரில் ஹூகோ ஷூகார்ட் என்று ஒரு மொழியியல் பேராசிரியர். உலகத்துக் கலப்பு மொழிகளையெல்லாம் ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கேட்டுச் சேர்த்தவர். 1891-இல் இந்தியாவில் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பட்லர் இங்கிலீஷுக்கு அவர் காட்டும் மாதிரிகளில் ஒன்று, எஜமானியம்மாளிடம் ஒரு ஆயா செய்யும் முறையீடு. பட்லர் தினமும் தனக்கு ஒரு ஆழாக்குப் பால் எடுத்துக்கொள்கிறான், மற்ற வேலைக்காரருக்கு அரை அரை ஆழாக்குதான் தருகிறான், வெட்கமாயில்லையா என்று கேட்டால் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி எஜமான் உத்தரவு என்கிறான், நான் ஏழை ஆயா என்ன செய்ய முடியும் என்று அழுகிறாள். அதில் "அரை அரை" என்று இரட்டிப்பது அச்சு அசல் தமிழ். ஆளுக்கு அரை என்பதற்கு இங்கிலீஷில் ஒரு தனிச்சொல் தேவை, ஆயா அதற்காகக் காத்திருக்கவில்லை. பேராசிரியர் இலக்கணத்தைப் பார்த்தார். எனக்கு அந்த வாக்கியத்தில் தெரிவது அவளுடைய கெட்டிக்காரத்தனம். பட்லரைக் காட்டிக்கொடுக்கிறாள், உத்தரவைக் குறை சொல்லவில்லை, தன்னைத் தாழ்த்தி முடிக்கிறாள். ஒரு வக்கீலுக்கு உள்ள சாமர்த்தியம். தாத்தாவும் பட்லர் என்பதால் இந்த வழக்கில் என் தீர்ப்பைக் கேட்காதீர்கள்.

துரைமாருக்கு இந்தப் பேச்சு சிரிப்பாக இருந்ததெல்லாம் தங்கள் பிள்ளைகள் வாயில் அது வரும்வரைதான். ஆயா மடியில் வளர்ந்த வெள்ளைக் குழந்தை முதலில் தமிழ் பேசும், அப்புறம் ஆயாவின் இங்கிலீஷ் பேசும். 'சீ-சீ' உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, ஏழு வயதில் கப்பலேற்றி அனுப்பினார்கள். சட்டைக்காரர்களை, அதாவது ஆங்கிலோ-இந்தியர்களை, இழிவு செய்ய வைத்த பெயர் அந்தச் 'சீ-சீ'. நம் ஊர் அருவருப்புச் சொல்லையே எடுத்து வைத்தார்கள்.

இன்னொரு இங்கிலீஷும் இதே காலத்தில் வளர்ந்தது, கச்சேரி இங்கிலீஷ். காதால் வராமல் கடுதாசியால் வந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபிறகு அதைக் கற்ற குமாஸ்தாக்களும் வக்கீல்களும் பெருகினார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழ் நீதிபதி முன்னால் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடுவதைப் போட்டுக் கிழிக்கிறார். கட்சிக்காரன் தன் வழக்கில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நிற்பான். இலக்கணப் பிழையில்லாத இங்கிலீஷ்தான், அதில் பேச்சு மட்டும் நடக்கவில்லை. அந்தக் கச்சேரி நடையில் பாதி இன்னும் நம் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. வெளியூர் போயிருப்பதை "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்கிறோம், மனுவில் "டூ தி நீட்ஃபுல்" எழுதுகிறோம். இங்கிலாந்தில் கைவிட்ட சரக்கு. இதை யாரும் வசவாகச் சொல்வதில்லை. இதைப் பேசுகிறவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் இருக்கலாம்.

பட்லர் இங்கிலீஷ் எப்படி முடிந்தது என்பதை எங்கள் வீட்டுக் கதையாகத்தான் என்னால் சொல்ல முடியும். சுதந்திரத்துக்குப் பிறகும் சில வருஷங்கள் வெள்ளைக்கார மேனேஜர்கள் இருந்தார்கள். தாத்தா வேலை பார்த்த தோட்டம் ஐம்பதுகளில் கை மாறியது. புது மேனேஜர் வடக்கே கான்வென்ட்டில் படித்த இந்தியர், இளம் வயது, அப்பழுக்கில்லாத இங்கிலீஷ். முதல் நாள் அவர் பேசியது தாத்தாவுக்குப் புரியவில்லை. தாத்தா சொன்னது அவருக்குப் புரிந்தது, ஆனால் பதிலுக்கு அந்த மாதிரி பேச அவருக்கு நாக்கு வரவில்லை. பழைய துரைகள் இறங்கிவந்த படியில் இவர் இறங்கினால் இவருக்குக் கௌரவக் குறைச்சல், பார்க்கிறவர்கள் இவரே அப்படித்தான் பேசுவார் என்று நினைத்துவிடலாம். "இந்தக் கிழவனுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று ஆபீசில் சொன்னாராம். ஆயுசு முழுக்க இங்கிலீஷிலேயே சம்பளம் வாங்கிய மனுஷனைப் பற்றி.

வேறு வழியில்லாமல் அந்த மேனேஜர் தமிழ் கற்றுக்கொண்டார். அந்த பங்களாவில் இருந்தவர்களில் தமிழ் கற்ற முதல் ஆள் அவர்தான். கற்றது மலைக்காட்டில், கங்காணிகளிடம், கொழுந்து எடுக்கும் பெண்களை அவர்கள் விரட்டுகிற தமிழ். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாத்தாவைப் பார்த்து, "டேய், சோறு கொண்டா" என்றார். அவருக்கு அதில் தப்பு தெரிந்திருக்காது.

தாத்தா சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். "துரை காலத்துல எனக்கும் 'யூ'தான், கலெக்டருக்கும் 'யூ'தான். தமிழ் வந்துச்சு, 'டேய்' ஆயிட்டேன்."

மாசக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.